எழுபத்திரண்டுக்கு மேல்

ஆள் பட்டியலில் சென்னியப்பனின் வயதுக் கட்டம் சிவந்திருந்தது. வித்யாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

சேந்தமங்கலம் சாலையிலிருந்து உள்ளடங்கிய கோழிப்பண்ணை அது. எந்த ஷெட்டின் கோழிகள் எழுபத்திரண்டு வாரத்தைத் தாண்டுகின்றனவோ, கம்ப்யூட்டர் படிவத்தில் அந்த ஷெட்டின் வயதுக் கட்டம் தானாகச் சிவக்கும். விதியை எழுதியவள் வித்யாதான். கேட்டில் மாட்டிய திரையிலும் அதே நிறம் தெரியும். கோழி பிடிக்க வருகிறவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சிவப்பைப் பார்த்து, முட்டை ஓய்ந்த கோழிகளைக் கறிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். காலையில் அந்தப் படிவத்தையே நகலெடுத்து, ஷெட் எண்களை அழித்துவிட்டு, வேலையாட்களின் பெயர்களை ஏற்றியிருந்தாள். விதியும் கூடவே வந்துவிட்டது. தீவனம் அரைக்கும் சென்னியப்பனுக்கு வயது எழுபத்து மூன்று.

"தாத்தா, உங்களுக்குச் செவப்பு உழுந்திருச்சுங்க."

"தூக்கிட்டுப் போயிருவாங்களா சாமி? கறி ஒண்ணும் தேறாதுன்னு சொல்லிரு, வெறும் எலும்புதான்."

சிரித்துக்கொண்டே அரவை அறைக்குப் போனார். விதியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று அவள் சாப்பிட உட்கார்ந்தாள்.

இரண்டு மணி வெயிலில் கோழி வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இன்றைக்கு வண்டி வரும் நாளே இல்லை. கருவாட்டுத்தூளும் எச்சமும் கலந்த வழக்கமான வாடையினூடே, ஈரமான இரும்பைப் போல வேறொரு வாடை ஜன்னல் வழியாக மெல்ல ஏறியது. அரவை இயந்திரம் மக்காச்சோளத்தை நொறுக்கும் இரைச்சலுக்கு நடுவே ஒரு முறை, முருங்கைக் கிளை முறிந்ததுபோல, மளுக்கென்றது. பிறகு இயந்திரம் நின்றது. நாற்பதாயிரம் கோழிகளும் ஒரே நேரத்தில் கொக்கரிப்பை நிறுத்தின.

அவள் போய்ப் பார்த்தாள்.

பத்துக் கோழிகளை அடைக்கும் பிளாஸ்டிக் கூடைக்குள் சென்னியப்பன் இருந்தார். முழங்கால்கள் காதோரம் மடிந்திருந்தன. கழுத்து ஒரு முழுச் சுற்று திருகப்பட்டு, தோல் துணி பிழிந்ததுபோல வரிவரியாக முறுக்கிக்கொண்டிருந்தது. மூடி இறுக்கிப் பூட்டியிருந்தது. மூக்கிலிருந்து ரத்தம் தீவனத் தூளில் சொட்டிக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினாள். பட்டியலில் அவர் பெயரைக் காணவில்லை. விதியை எடுத்துவிட்டால் போதும். நிறம் போனால் போதும். விதியிலிருந்த எழுபத்திரண்டை அழித்தாள். வேறு எண் எதையும் இடவில்லை. அப்படியே சேமித்தாள்.

காலிக் கட்டத்தைக் கம்ப்யூட்டர் சுழியமாக எடுத்துக்கொள்ளும். அவளுக்குத் தெரியாததல்ல. அந்த நொடியில் தோன்றவில்லை.

சுழியத்துக்கு மேல் எல்லா வயதும்.

மேலிருந்து கீழாக ஒவ்வொரு கட்டமாகச் சிவந்தது. தமிழரசு, நாற்பது. சௌந்தர்யா, இருபத்திரண்டு. முட்டை அறையில் தரம் பிரிக்கும் முத்தாயம்மாள், ஐம்பத்தெட்டு. வித்யாவைப் பெற்றவள். கடைசியாக வித்யா, இருபத்தொன்பது.

விதியை மறுபடி திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. திரையில் ஒரே வரி: 'இப்படிவம் கேட்டில் பயன்பாட்டில் உள்ளது.'

கேட்டில் ஆட்கள் நின்றார்கள். ஐந்து பேர். முகத்தைச் சுற்றித் துணி. திரையைப் பார்த்தபடி அசையாமல்.

பிறகு அசைந்தார்கள்.

"அம்மா! கதவச் சாத்து!"

முட்டை அறையிலிருந்து முத்தாயம்மாளின் குரல் நிதானமாக வந்தது. "ஏன் கண்ணு இந்தக் கத்து கத்தற? ஆளுங்க வாராங்க பாரு, டீ வெக்கட்டுமா?"

முட்டை அட்டைகள் சரியும் சத்தம்.

மளுக்.

சௌந்தர்யாவின் அலறல் பாதியில் நின்றது.

மளுக்.

நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். ஜன்னலில் பார்த்தாள்.

வெயிலில் வரிசையாக வந்தார்கள், அவசரமே இல்லாமல், கோழியைத் தூக்கும் அதே பிடியில். கணுக்காலைப் பிடித்துத் தலைகீழாக, கைக்கு ஒருவர். தமிழரசுவின் விரல்கள் தரையில் கோடு கிழித்தன. கடைசி ஆளின் வலக்கையில் முத்தாயம்மாள். கொண்டை அவிழ்ந்து நரைமுடி மண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. முதுகுப் பக்கம் திரும்பியிருந்த முகம் மகளையே பார்த்தது.

அவனுடைய இடக்கை காலியாக இருந்தது. விரல்கள் விரிந்தே இருந்தன.