கடைசி செக்கிங் டேபிள்

மண்ணரைப் பகுதியில் இருந்த அந்த பனியன் கம்பெனியில் பிரிசில்லா சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். ஆறு மணியிலிருந்து பன்னிரண்டு வரை, தைத்து வரும் துணியைப் பார்த்துப் பிசிர் வெட்டி மடிக்கும் செக்கிங் வேலை. அதன் பிறகு பஸ் பிடித்து ஓடினால் கல்லூரியில் மதிய ஷிப்ட். பி.காம் இரண்டாம் ஆண்டு. இந்த முறை ஐந்து பேப்பரோடு இரண்டு அரியரும் சேர்ந்து நின்றன. சாயப்பட்டறையில் மூச்சு கெட்டு அப்பா ஆரோக்கியராஜ் படுத்த பிறகு வேலையை விட வழியில்லை. படிப்பை விட மனசில்லை.

சூப்பர்வைசர் பிரபாகர் அவளை ஜன்னலோரக் கடைசி டேபிளில் நிறுத்தினார். மற்ற டேபிள்களில் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். அது மட்டும் காலியாகக் கிடந்தது. ஏன் என்று கேட்க அவளுக்கு நேரமில்லை.

நான்காம் நாள் நின்றபடியே கண் அசந்துவிட்டாள். திடுக்கிட்டு விழித்தபோது, எதிரே குவிந்திருந்த டி-சர்ட்டுகள் அத்தனையும் பிசிர் வெட்டி, மடித்து, அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தையல் மிஷின்களின் இரைச்சலுக்கு நடுவே, கழுத்தருகே ஈரத் தலைமுடியின் வாசனை மெல்லப் படர்ந்தது. காதை ஒட்டி யாரோ கிசுகிசுத்தார்கள்.

"நீ படி கண்ணு. இத நான் பாத்துக்கறேன்."

திரும்பினாள்.

சுவர்தான் இருந்தது.

பயம்தான். ஆனாலும் மறுநாள் துணிக்கு அடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டாள். பத்து நாள் அப்படியே ஓடியது. பிறகுதான் பக்கத்து டேபிள் சித்ரகலாவிடம் கேட்டாள். சித்ரகலா தலை நிமிராமல் சொன்னாள். பல வருடங்களுக்கு முன்பு விஜயராணி என்று ஒருத்தி அந்த டேபிளில் நின்றாளாம். அவளும் கல்லூரியில் படித்துக்கொண்டே வந்தவள். பரீட்சை வாரத்தில் ஒருநாள் துணிக்குவியலில் தலை சாய்த்தாள். தூங்குகிறாள், பாவம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஷிப்ட் முடிந்து தொட்டு எழுப்பியபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

டேபிளை மாற்றித் தரச் சொல்லிப் பிரிசில்லா கெஞ்சினாள். பிரபாகர் ரிஜிஸ்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மாத்த முடியாதுங்க. லைன்லயே உங்க புரொடக்‌ஷன்தான் டாப்புங்க."

முதல் பரீட்சையன்று லீவு சொல்லிவிட்டு நேரே கல்லூரிக்குப் போனாள். கேள்விகள் எல்லாம் தெரிந்தவைதான். பேனா மூடியைத் திறந்தாள்.

"நீ தூங்கு கண்ணு. நான் எழுதறேன்."

வேண்டாம் என்று சொல்ல நா எழவில்லை.

இமைகள் தாமாக இறங்கின.

கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மணி அடித்தபோதுதான் விழித்தாள். விடைத்தாள் நிறைந்திருந்தது, அவள் எழுதவே எழுதாத குண்டு குண்டான எழுத்தில். வாங்க வந்த ஆசிரியை ஹால் டிக்கெட்டையும் விடைத்தாளையும் மாறி மாறிப் பார்த்தார். விடைத்தாளில் இருந்த பதிவு எண் பல வருடங்களுக்கு முந்தையது. கையெழுத்துப் போடும் இடத்தில் விஜயராணி என்றிருந்தது. ஆள்மாறாட்டம் என்று எழுதி அவளிடம் கையெழுத்து கேட்டார்கள். விசாரணை முடியும்வரை மற்ற பேப்பர்களும் எழுத முடியாது என்றார்கள். யாரிடம் என்னவென்று சொல்வாள்? கையெழுத்தைப் போட்டாள்.

வேலையை விட்டுவிடுவதென்று பஸ்ஸிலேயே முடிவெடுத்தாள். அந்த டேபிள் பக்கமே இனிப் போக வேண்டாம். அந்த ஒரு நினைப்போடுதான் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கட்டிலில் கிடந்த அப்பா, மூச்சு வாங்கியபடி அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"கூட வந்த பிள்ளைய ஏம்மா வாசல்லயே நிக்க வச்சிருக்க? உள்ள வரச் சொல்லு."