புதுப்பிப்புக்குச் சம்மதித்தது யார்?

காலை 8.32. செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் கடைசல் இயந்திரம் அசையாமல் கிடந்தது. கணினி விழித்துத்தான் இருந்தது. ஆனால் 'இயந்திரம் கிடைக்கவில்லை' என்ற ஒற்றை வரியைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. பதினோரு மணிக்குக் காலைப் பொருத்திப் பார்க்க ஆள் வருகிறார். கால் இன்னும் வெறும் நுரைக்கட்டியாகவே இருந்தது.

9.05க்கு அண்ணி வந்து சேர்ந்தாள். முதலாளியின் அண்ணன் மனைவி. அக்கம்பக்கத்து அலுவலகக் கணினிகளுக்கெல்லாம் அவள்தான் வைத்தியர். இங்கே லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுத்ததும் அவளே.

முதலாளி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "அண்ணி, சிஸ்டம் அப்டேட் ஆயிருக்கு. இந்தம்மா எதையோ தட்டிவிட்டுட்டு இல்லவே இல்லைன்னு சாதிக்குது. இன்னியோட வீட்டுக்கு அனுப்பப் போறேன்."

இயந்திரத்தை ஓட்டும் ஆபரேட்டர், நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள். ஆறு வருட வேலை. முதலாளியின் மைத்துனன் எதிரிலேயே 'பொய்க்காரி' என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணி பதிவுகளைத் திறந்தாள். கணினி படுத்ததும் எழுந்ததும் நிமிடம் பிசகாமல் அதில் இருக்கும். நேற்று மாலை 6.16, புதுப்பிப்பு தொடக்கம். 6.24, முடிவு. கெர்னல் என்னும் கருவே மாறியிருந்தது. இயந்திரத்தோடு பேசும் டிரைவர் அந்தப் புதுக் கருவுக்கு ஒத்துவரவில்லை.

"தானா நடந்துச்சா?" என்றார் முதலாளி.

"தானா நிறுவுறதை நிறுத்தித்தான் வச்சிருக்கு. யாரோ சரின்னு சொல்லியிருக்காங்க. ஆபரேட்டரம்மா, நேத்து எப்பக் கிளம்பினீங்க?"

"அஞ்சரைக்கு, அக்கா."

"இன்னிக்கு?"

"எட்டரைக்கு வந்தேன். பட்டனை அமுக்கினேன். மெஷின் பேசல."

மைத்துனன் தலையைச் சொறிந்தான். "அஞ்சரைக்கு மேல நான் அதுல பாட்டு கேட்டேன். மாமா செருப்புச் சத்தம் கேட்டதும் பின்வாசல் வழியா ஓட்டம்."

"உருப்பட்ட மாதிரிதான்," என்றார் முதலாளி. "நான் ஆறேகாலுக்கு ஒண்ணு விடாம அணைச்சுப் பூட்டிட்டுப் போனேன்."

அண்ணியின் விரல்கள் நின்றன.

"ஆபரேட்டரம்மா, எந்தப் பட்டனை அமுக்கினீங்க?"

"கம்ப்யூட்டர் பட்டனை. அணைஞ்சு கிடந்துச்சே."

"தினமும் அணைச்சுட்டுப் போவீங்களா?"

"ஐயோ, மாட்டேன். அளவுப் படம் திறந்தபடியே இருக்கணும். ஸ்கிரீனை மட்டும்தான் அணைப்பேன்."

அண்ணி முதலாளியின் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு விடாமன்னா, கம்ப்யூட்டரையுமா தம்பி?"

"ஆமா. முறையா ஷட்டவுன் கொடுத்தேன். அதுல என்ன? அப்டேட் பக்கமே நான் போகல."

அண்ணி அதே லினக்ஸ் ஓடும் தன் மடிக்கணினியை விரித்து, அணைக்கும் பொத்தானைத் தட்டினாள். கேள்விப் பெட்டி வந்தது. அதன் அடியில் பொடி எழுத்து: 'காத்திருக்கும் புதுப்பிப்புகளை நிறுவு.' பக்கத்துக் கட்டத்தில் ஏற்கெனவே டிக்.

"இந்த டிக்கை எடுக்காம அணைச்சிருக்கீங்க. ஆறேகாலுக்கு அணைச்சீங்க, 6.16க்கு ஆரம்பிச்சிருக்கு. நீங்கதான் தம்பி."

முதலாளி குனிந்து அந்த டிக்கை உற்றுப் பார்த்தார்.

"உங்களுக்குக் கூட்டாளி ஒருத்தி உண்டு. நான்தான். தானா நிறுவுறதை நிறுத்தினவ, தானா டவுன்லோட் பண்ணி இறக்கி வைக்கிறதை நிறுத்தாம விட்டுட்டேன். மூட்டையை வாசல்ல இறக்கினது நான், உள்ளே தூக்கிட்டுப் போனது நீங்க. இந்தம்மா ரெண்டுலயும் இல்ல." அவள் ஆபரேட்டரைப் பார்த்தாள். "என் தப்புதாம்மா. மன்னிச்சுக்கோங்க."

இறக்கி வைப்பதையும் நிறுத்தினாள். கணினியை மறுபடி எழுப்பி, தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தாள். 9.51. ஆபரேட்டர் உட்கார்ந்து கட்டளை கொடுத்தாள். கத்தி சுழன்றது, நுரைத்தூள் பறந்தது.

முதலாளி அவள் பின்னால் வந்து நின்று என்னவோ முணுமுணுத்தார்.

ஆபரேட்டர் நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். இரைச்சல் அடங்கியது. மைத்துனன் நிமிர்ந்து பார்த்தான்.

"மெஷின் சத்தத்துல காதுல விழல, சார். நிறுத்திட்டேன். இப்பச் சொல்லுங்க."

மணி 10.04. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், பாதி கடைந்த காலைப் பார்த்தார். பிறகு மைத்துனன் காதிலும் விழும்படி சொன்னார்: "பொய்க்காரின்னது என் தப்பும்மா."