மரத்த கை

தோளில் ஊசி போட்டு இருபத்தொரு மணி நேரமும் நாற்பது நிமிடமும் ஆகியிருந்தபோது, ஏதோ கருகும் வாடை வந்தது.

பேராசிரியர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியபடியே முகத்தைச் சுளித்தார். மனைவி அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு மறந்திருப்பாள். முப்பது வருடமாக மறக்கிறாள். வெளியே மதியத்திலேயே இருட்டிக்கொண்டு குளிர்மழை; நாற்காலிக்குப் பின்னால் ரூம் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மார்புவரை போர்த்தியிருந்தார். போர்வைக்குள் வலது கை வயிற்றின் மேல் மடங்கிக் கிடப்பதாக நினைப்பு. துளி வலியில்லை. தோள் அறுவை சிகிச்சைக்காக நரம்புகளை மரக்க வைத்திருந்தார்கள். உணர்ச்சி திரும்பும்வரை கையைக் கழுத்தோடு தாங்கும் கைத்தூளியைக் கழற்ற வேண்டாம் என்றாள் நர்ஸ். நரம்பியல் வகுப்பு நடத்துகிறவருக்கே பாடம். வீட்டுக்கு வந்ததும் கழற்றி வீசிவிட்டார்.

“என்ன கருகுது?”

“அடுப்புல ஒண்ணுமில்லைங்க.”

முழங்காலை இழுத்து இழுத்து வந்து நின்றாள். பன்னிரண்டு வருட வலி என்பாள். நாடகம் என்பார் அவர். விருந்தாளிகள் முன்னாலேயே ஒருமுறை விளக்கினார்: “தண்டுவடத்துல ஒரு கதவு இருக்கு. வலி அது வழியாத்தான் மேல போகணும். மூளை நெனச்சா சாத்திடும். இவ மூளைக்கு அந்தத் துப்பும் இல்ல.” எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

வாடை கனத்தது. முதலில் முடி பொசுங்குவதுபோல. இப்போது கொழுப்பு உருகுவதுபோல. எங்கோ அருகில் மெல்லிய சீறல், நின்றது, மறுபடி.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலிக்குப் பின்னால் பார்த்தாள்.

“அங்க என்ன பாக்கிற? வாயில கொழுக்கட்டையா?”



விரல்களை மடக்கினார். மடங்கியதாகத்தான் தோன்றியது. போர்வை அசையவில்லை.

மறுபடி மடக்கினார்.

அசையவில்லை.

இடது கையால் போர்வையை விலக்கினார். வயிற்றின் மேல், கைக்குத் தாங்கலாக வைத்த தலையணை. தலையணை மட்டும்.

திரும்பப் பார்த்தார். தோள் கட்டு கழுத்தைப் பிடித்தது.

“என் கை எங்கடி?”

அவள் கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தாள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். சுவரில் மணி மூன்று நாற்பது.

“பின்னாடி சரிஞ்சு ஹீட்டர் மேல கெடக்குங்க,” என்றாள். “ரெண்டு மணிக்கே பாத்துட்டேன்.”