விரல் எங்கே இருந்தது

வேட்டைத் துவக்கு முழுவதும் பனிக்கட்டிபோல் குளிர்ந்திருந்தது. சுடும் விசை மட்டும் சூடாக இருந்தது.

அருமைராசா கையை எடுத்துவிட்டு மறுபடியும் தொட்டுப் பார்த்தார். சற்று முன்தான் யாரோ விரலை எடுத்ததுபோன்ற சூடு. பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை பிற்பகல். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ வீட்டின் பேஸ்மென்ட் சன்னலைப் பாதிக்கு மேல் பனி மூடியிருந்தது. துவக்கோ பூட்டிய பெட்டிக்குள்ளிருந்து இந்த நிமிடம் வெளியே வந்தது. சூட்டுக்கு அங்கே என்ன வேலை? தன் கைச்சூடாகத்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மேசை விளக்கைப் போட்டார்.

அந்தத் துவக்குதான் அவருடைய மகளைக் கொன்றது.

போன மே மாதம், காட்டு வான்கோழி வேட்டைக்கு அப்பாவும் மகளுமாகப் போயிருந்தார்கள். ஜெயனிக்கு இருபத்திரண்டு வயது. அவள் நாள் முழுக்கத் தமிழில் கதைப்பது அவரோடு காட்டுக்குப் போகும்போது மட்டும்தான். தோட்டாவை ஏற்ற, குழலுக்குக் கீழுள்ள பம்பை அவர் இழுத்து முன்னே தள்ளிய கணத்தில் வெடித்தது. இடப்பக்கம், நான்கடி முன்னால், குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தவள் பிறகு நிமிரவேயில்லை. துவக்கின் உள்ளே, தோட்டாவை அடிக்கும் சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் சின்னக் கொக்கி தேய்ந்திருந்தது. அது அவருக்கு முதலே தெரியும். பேந்து மாற்றுவோம் என்று விட்டிருந்தார். கொக்கி தானாக விட்டதா, விரல் அழுத்தியதா, தீர்மானிக்க இயலாது என்று எழுதி, விபத்து என்று முடித்து, துவக்கையும் பொலிஸார் திருப்பித் தந்துவிட்டார்கள்.

அறிக்கைக்கு அது போதும். மனைவி அக்னெஸுக்குப் போதவில்லை. செத்தவீடு முடிந்து சனங்கள் கலைந்த அன்று, அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"உங்கட விரல் எங்கை இருந்தது?"

"வெளியில. மடு மாதா ஆணையா வெளியிலதான். வெடிச்ச உடனை பாத்தனான், நேரா நீட்டித்தான் இருந்தது."

அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. ஒன்பது மாதம். சோறு வைப்பாள், ஞாயிறு பூசைக்கு ஒரே காரில் வருவாள், வாய் மட்டும் திறக்கமாட்டாள். பிள்ளை போன துக்கத்தை அவர் எப்படியோ சுமந்தார். இந்த மௌனத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவர் பொய் சொன்னவரில்லை. விரலைக் கண்ணால் கண்டவர். அதனால்தான் புதுக் கொக்கியும் ஸ்பிறிங்குகளும் தபாலில் எடுப்பித்தார். பழையதில் தானாக விழும் சுத்தியல் புதியதில் விழாமல் நின்றால் குற்றம் ஒரு இரும்புத் துண்டுடையது, தகப்பனுடையது அல்ல. அதை அக்னெஸ் கண்ணால் பார்த்தால் போதும்.

வீட்டில் ஒரு தோட்டாகூட இல்லை. ஆனாலும் ஜெயனிக்குப் பழக்கிய முறையிலேயே எல்லாம் செய்தார். குழலை மணல் வாளிக்கு நேரே பிடித்தார். தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவி, தோட்டா நிரப்பும் கீழ்க்குழாயையும் தடவி, இன்னொரு தரமும் தடவிப் பார்த்தார். பிளாஸ்டிக் போலித் தோட்டாக்களைப் போட்டுப் பத்துத் தரம் பம்பை இழுத்துத் தள்ளினார். விரல் வெளியே, நேராக. நாலு தரம் சுத்தியல் டக்கென்று விழுந்தது.

பிறகு பித்தளைக் குச்சியால் குறுக்கு ஊசிகளைத் தட்டிக் கழற்ற, விசைப் பகுதி முழுதாகக் கைக்குள் வந்தது. பழைய எண்ணெய் மணந்தது. எண்ணெய்க்கு அடியில் இன்னொரு மணம், பனி கரைந்த சேறும் மக்கிய இலையும் கலந்த மணம், மெல்ல மெல்ல மேசையைச் சுற்றி ஏறியது. ஹீட்டர் பெருமூச்சு விட்டு நின்றது. அந்த அமைதியில், இடப்பக்கம், நான்கடி முன்னால், சப்பாத்து நாடா ஒன்று இழுபட்டு இறுகும் சத்தம் கேட்டது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஓவென்று அழுதுவிடுவார். அழுதால் வேலை கெடும். கண்ணீர் மறைத்த கண்ணோடேயே புதுக் கொக்கியை வைத்து, ஸ்பிறிங்கை அழுத்தி, விசைப் பகுதியைத் துவக்கில் பொருத்தி ஊசிகளைத் தட்டி இறக்கினார். பம்பை இழுத்தார். தள்ளினார். சுத்தியல் நின்றது. பத்துத் தரம். பத்துத் தரமும் நின்றது.

"அக்னெஸ்! இஞ்சை ஒருக்கா வாரும்!"

படி கிறீச்சிட்டது. ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவள் கீழே இறங்கி வந்தாள். கையில் செபமாலை. இன்றைக்கு எப்படியும் பேசிவிடுவாள் என்று நம்பினார்.

"எனக்குப் பின்னாலை நில்லும். விரலைப் பாத்தீரே, வெளியில. இப்ப பாருமன், விழாது."

இழுத்துத் தள்ளினார்.

டக்.

பார்த்தார். விரல் வெளியே. நேராக.

மறுபடியும். டக்.

மறுபடியும். டக்.

"எடுங்கோ," என்றாள் அக்னெஸ்.

"என்னத்தை?"

"விரலை எடுங்கோ."

"வெளியிலதானே கிடக்கு! கண் தெரியேல்லையே உமக்கு?"

அவள் அழுதுகொண்டே கையை நீட்டி, விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்குள் விட்டு, எதையோ பிடித்தாள்.

அவருக்கு வலித்தது.

வளையத்துக்குள்ளே வலித்தது. தன் சுட்டுவிரல். வளைந்து, விசையை இறுக்கியபடி. அவள் பிடிக்குள் அது துடிப்பது தெரிந்தது.

அப்படியானால் வெளியே?

விளக்கடியில் குனிந்தார். வளையத்துக்கு வெளியே அது இன்னும் இருந்தது. அவர் மாதாமேல் ஆணையிட்ட விரல். மெலிந்தது. வெளிறியது. கடித்துக் குதறிய நகத்தில் கடும்பச்சைச் சாயம். பூசைக்குப் போகும்போதாவது அழியடி என்று அக்னெஸ் வாராவாரம் சண்டை பிடித்த சாயம். நக இடுக்கில் சேறு.

அக்னெஸ் அதைக் காணவில்லை. அவள் அவருடைய விரலைத்தான் விசையிலிருந்து பிரித்தெடுக்கப் போராடிக்கொண்டிருந்தாள்.

ஜெயனியின் விரல் அப்பா பழக்கியபடியே, விசையைத் தொடாமல், நேராக நீட்டிக்கொண்டிருந்தது.