தையல்கடைக்குப் போன டம்ளர்

அவளுக்குப் பட்டாசு என்று பெயர் வைத்தது அவளுடைய அண்ணன்தான். பற்றவைத்தால் போதும், படபடவென்று பேசித் தீர்த்துவிட்டுத்தான் ஓய்வாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பதினோரு வயதுப் பட்டாசின் வாய்க்கு நல்ல வேலை கிடைத்திருந்தது.

அவர்களுடைய ஞாயிறு பள்ளியில், பெரிய பிள்ளைகள் வாரத்துக்கு ஒருவராகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டும். வெறும் வாய்ப்பேச்சு உதவாது. ஏதாவது ஒரு பொருளைக் காட்டி, அதை வைத்து இயேசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வாரம் ஒரு பையன் பெரிய பூட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். சாவியை வீட்டிலேயே விட்டுவிட்டான். பாடம் அதோடு முடிந்தது!

பட்டாசின் பொருள் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர்.

"இந்தத் தண்ணிதான் நம்ம மனசு" என்று ஆரம்பித்தாள். "ஒரு பொய் சொன்னா?" காயத்துக்குப் போடும் பழுப்பு மருந்திலிருந்து ஒரு சொட்டு விட்டாள். "பொறாமைப்பட்டா?" இன்னொரு சொட்டு. "கோபம்? அது ஒரு சொட்டோட நிக்குமா?" என்று பாட்டிலைச் சாய்த்தே விட்டாள். தண்ணீர் கன்னங்கரேலென்று ஆனது. சின்னப் பிள்ளைகள் "ஐயய்யோ!" என்றார்கள்.

அடுத்து டீச்சர் வந்து, துணி வெளுக்கும் மருந்தைத் தன் கையாலேயே ஊற்றினார். கலக்கக் கலக்கக் கறுப்பெல்லாம் மாயமாக மறைந்தது. டம்ளரில் பளிங்கு மாதிரி தண்ணீர்.

"இயேசுகிட்ட மன்னிப்புக் கேட்டா, நம்ம மனசையும் இப்படித்தான் சுத்தமாக்குவார்!" என்றாள் பட்டாசு.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. முன்வரிசையில் ஒரு பொடிசு மட்டும் தட்டாமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தையல்காரரின் மகள். அப்பாவின் கடையில் பொத்தான்களைப் பிரித்து அடுக்குவதால் அவளுக்கும் பொத்தான் என்றே பெயர்.

"அக்கா, கோபமும் போயிடுமா? ரொம்பப் பெரிய கோபம்?"

"எவ்வளவு பெருசா இருந்தாலும் போயே போயிடும்!" என்றாள் பட்டாசு.

டீச்சர் ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தார். பாடம் முடிந்த உடனே அந்தத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட வேண்டும். "பார்க்கத்தான் சுத்தம். வாயில பட்டா ஆபத்து" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பட்டாசும் கொட்டத்தான் நினைத்தாள். ஆனால் எல்லோரும் சுற்றி நின்று "சூப்பர்! சூப்பர்!" என்று புகழும்போது யாருக்குத்தான் தொட்டி ஞாபகம் வரும்? தலைகால் புரியாமல் நின்றாள்.

ஞாபகம் வந்து திரும்பியபோது மேசையில் மருந்து பாட்டில்கள் இருந்தன, கரண்டி இருந்தது. டம்ளரைக் காணோம்.

பட்டாசு பதறிப்போய்த் தேடினாள். மேசைக்கு அடியில் பார்த்தாள். தொட்டியில் பார்த்தாள். தொட்டி காய்ந்து கிடந்தது. யாரோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்!

'யாராவது கொட்டியிருப்பாங்க. பேசாம இருந்துடலாம்' என்று ஒரு நினைப்பு வந்தது. கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். இப்போதுதான் எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அதற்குள் தொப்பென்று கீழே விழ வேண்டுமா?

அவள் கண்ணை மூடினாள். 'இயேசுவே, எனக்கு வாய் வரமாட்டேங்குது. நீங்கதான் திறக்க வைக்கணும்.'

பிறகு ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்று கத்தினாள். "அந்தத் தண்ணியை யாரும் குடிக்காதீங்க! அது விஷம்!"

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சுத்தமாயிடுச்சுன்னு நீதானே சொன்னே?" என்றான் பூட்டுப் பையன்.

"சுத்தமாகலை. மருந்துமேல மருந்து ஊத்தினதுல நிறம் மட்டும்தான் போச்சு. யார் எடுத்தீங்க? சொல்லுங்க!"

ஒரு சின்னப் பையன் கையைத் தூக்கினான். "பொத்தான்தான் ரெண்டு கையாலயும் பிடிச்சுகிட்டுப் போனா. 'அப்பாவுக்கு'ன்னு சொன்னா."

டீச்சரின் முகம் வெளுத்தது. உடனே தையல்காரருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. "தையல் மிஷின் சத்தத்துல கேட்டிருக்காது! நீ ஓடு, நான் பின்னாலயே வரேன்!"

பட்டாசு ஓடினாள். படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள். சலவைக்கடையைத் தாண்டினாள். சாலையைக் கடக்கும் இடத்தில் சிவப்பு விளக்கு. நின்றுதான் ஆக வேண்டும். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. எதிர்ப்பக்கத்தில் பொத்தான் தெரிகிறாளா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். ஆளே இல்லை. 'கடவுளே, கடவுளே' என்பதைத் தவிர அவள் வாயில் வேறு சொல் வரவில்லை.

பச்சை விழுந்ததும் மறுபடி ஓட்டம். தையல்கடையின் இரும்புக்கதவு பாதி இறங்கியிருந்தது. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் சமயம் என்பதால் சீருடைகள் மலைபோல் குவிந்து கிடந்தன. தையல்காரருக்கு ஞாயிற்றுக்கிழமையும் லீவு இல்லை. உள்ளே மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

'அப்பாடா, இன்னும் குடிக்கலை' என்று நினைத்தாள்.

அந்த நொடியே மிஷின் நின்றது.

பட்டாசு குனிந்து உள்ளே பாய்ந்தாள். தையல்காரர் ஒரு கையால் கழுத்தைத் துடைத்தபடி, மறுகையால் டம்ளரைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஜலதோஷத்தில் அவர் மூக்கு சிவந்து வீங்கியிருந்தது. வாசனை தெரிய வழியே இல்லை. பக்கத்தில் பொத்தான் ஆசை ஆசையாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, குடிக்காதீங்க!"

"தண்ணி குடிக்கக்கூட விடமாட்டீங்களா?" என்று எரிந்து விழுந்த தையல்காரர், டம்ளரை உதட்டருகே கொண்டுபோனார். "விளையாட்டெல்லாம் வெளியே வச்சுக்கோ!"

"விளையாட்டு இல்லை மாமா! அதுல துணி வெளுக்கிற மருந்து இருக்கு!"

அவர் கை வெடுக்கென்று கீழே இறங்கியது. தண்ணீர் தளும்பி, மேசையில் கிடந்த நீலத் துணியின்மேல் சிதறியது. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். சிறிது நேரத்தில் நீலம் அங்கங்கே வெளிறி, வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள் தெரிந்தன.

"இதுவா என் வயித்துக்குள்ள போக இருந்துச்சு?" தையல்காரரின் குரல் நடுங்கியது. அடுத்த நொடி அது இடியாக மாறியது. "யார் பார்த்த வேலை இது?"

பொத்தான் சட்டென்று சீருடைக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

பட்டாசு குவியலுக்கு முன்னால் போய் நின்றாள். "என் தப்பு மாமா. அது என் பாடத்துக்காகக் கலந்தது. கொட்டச் சொன்னாங்க, மறந்துட்டேன். அவளைத் திட்டாதீங்க."

"பாடத்துத் தண்ணி என் மேசைக்கு ஏன் வந்துச்சு?"

குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "அந்தத் தண்ணில கோபமெல்லாம் போயிடும்னு அக்கா காட்டினாங்க. அதான்பா... உங்களுக்கு..."

தையல்காரர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். பிறகு பட்டாசைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "அப்போ அது வித்தைதானே? இயேசு சுத்தமாக்குவார்னு சொல்றதும் அதே மாதிரி வித்தையா?"

டீச்சர் மூச்சிரைக்க வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தார். பதில் எடுத்துக் கொடுப்பாரா என்று பட்டாசு திரும்பிப் பார்த்தாள். அவரால் மூச்சு வாங்கத்தான் முடிந்தது.

"தண்ணி வித்தைதான் மாமா" என்றாள் பட்டாசு. "ஆனா இயேசுவைப் பத்திச் சொன்னது வித்தை இல்லை. டம்ளரைக் காணோம்னதும் நான் வாயை மூடிகிட்டு இருக்கத்தான் பார்த்தேன். மானம் போயிடும்னு பயம். அவர்கிட்ட கேட்டேன். அப்புறம்தான் எனக்குக் கத்தவே வாய் வந்துச்சு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

தையல்காரர் எழுந்துபோய் டம்ளரைத் தொட்டியில் கவிழ்த்தார். குழாயைத் திறந்து டம்ளரையும் கைகளையும் நன்றாகக் கழுவினார். பிறகு சீருடைக் குவியலுக்கு முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தார்.

"அப்பாகிட்ட அவ்வளவு பயமா கண்ணு?"

பொத்தான் பாதித் தலையை மட்டும் நீட்டினாள். "எப்பவும் இல்லைப்பா. மிஷின் ஓடும்போது பயமே இல்லை. நிக்கும்போதுதான்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை. "முந்தாநாள் உன்னைப் பார்த்து அப்படிக் கத்தியிருக்கக்கூடாது. வேலை முடியலைங்கிற எரிச்சலை உன்மேல கொட்டிட்டேன். தப்பு என்னோடதுதான். அப்பாவை மன்னிச்சிடும்மா."

பொத்தான் வெளியே வந்தாள். அப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பி, கண்ணுக்குள் வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு பட்டாசிடம் திரும்பி, ஆச்சரியம் தாங்காமல் சொன்னாள்.

"அக்கா, தண்ணியே குடிக்கலை. ஆனா போயிடுச்சு!"