அம்மாசியின் கிருதா

"கொழந்தையத் தொடாத. தள்ளி நில்லு."

வாசலில் பனி இன்னும் விலகவில்லை. பால் கிண்ணத்தோடு வந்த இளவரசி படியிலேயே நின்றாள். மாமியார் காளியாயி பேத்தி கீர்த்திகாவைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஆவணி தொட்டே இளவரசியின் வலக்கன்னத்தில் முடி வளர்ந்துகொண்டிருந்தது. முதலில் பூனைமுடி என்று விட்டாள். அது கருத்து, காதோரம் அடர்ந்து இறங்கியது. செத்துப்போன மாமனார் அம்மாசிக்கு இருந்த அதே கிருதா. பிடுங்கினாலும் மறுபடி வந்தது. காளியாயி விடிந்ததும் அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பார்வை இளவரசியைப் பார்க்கவில்லை, வேறு யாரையோ தேடியது.

இன்றைக்குப் பிள்ளையின் முதுகிலும் முடி. விரல்களை விரித்து வைத்தது போல ஒரு கருமை.

"அவரு கை வச்சுட்டாரு. உம்மேல வந்தவரு எம் பேத்தியையும் தொட்டுட்டாரு. நீ அடிவாரத்துக்கு, உங்கப்பன் ஊட்டுக்கே போயிரு. புள்ள இங்கயே இருக்கட்டும்."

"நான் தட்டிக் குடுக்காம அது தூங்காதுங்க அத்தை..."

புருஷன் மாதேஷ் இருக்கிறானே, மகராசன், செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். வேலை பார்க்கிற ஏற்காட்டு லாட்ஜில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேசுகிற வாய், வீட்டுக்குள் பூட்டிக்கொள்ளும்.

"ஏனுங்க, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அம்மா சொன்னா ஏதாச்சும் இருக்கும்..."

இளவரசிக்கு மனசு விட்டுப்போயிற்று. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "போறேனுங்க. அதுக்கு முந்தி சேலத்துல டாக்டருகிட்டக் காமிச்சிரலாம். அவங்களும் பேய்னு சொன்னா நான் திரும்பி வரல."

எல்லோருமாகச் சேலத்துக்கு பஸ் ஏறினார்கள்.

டாக்டரம்மா பொறுமையாக விசாரித்தார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். ரத்தமும் ஸ்கேனும் பார்த்தார்.

"பொம்பளைங்க மொகத்துல முடி வந்தா, பெரும்பாலும் நீர்க்கட்டி, ஹார்மோன் கோளாறுதாம்மா காரணமா இருக்கும். உனக்கு எல்லாஞ் சரியா இருக்குது" என்றவர், பிள்ளையின் முதுகைத் திருப்பினார். வெகுநேரம் பார்த்துவிட்டு, இளவரசியின் வலக்கையை எடுத்து அந்தக் கருமையின் மேல் வைத்தார். கை கச்சிதமாகப் பொருந்தியது.

"இப்படித்தானே தட்டித் தூங்க வைப்பே? அதுக்கு முன்னாடி இந்தக் கையால என்ன பண்ணுவே?"

"இவருக்குத் தலைக்கு மூலிகைத் தைலம் தேய்ப்பேனுங்க. கையத் துணியில துடைச்சுட்டுப் புள்ளையத் தட்டுவேன். அப்புறம் அதே கையக் கன்னத்துக்கு வச்சுப் படுத்துக்குவேன்."

டாக்டரம்மா மாதேஷைப் பார்த்தார். அவன் தலை குனிந்தான். முன்மண்டை பளபளத்தது.

"தைலம் இல்லீங்க... முடி வளர்ற மருந்து. லாட்ஜுக்கு வர்றவங்க பெருசுன்னு கூப்பிடறாங்க. வெக்கப்பட்டுத் தைல பாட்டில்ல ஊத்தி வச்சுட்டேன்."

"அந்த மருந்து தொடர்ந்து பட்ட எடத்துலயும் முடி வளருமே. நிறுத்துங்க, சில மாசத்துல உதிர்ந்துரும். புள்ளைக்கு வேற ஒண்ணும் பாதிப்பில்ல."

வெளியே வந்ததும் மாதேஷ் அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்தான். அவள் உருவிக்கொண்டாள். "இது கழுவாத கைங்க. தொடாதீங்க."

வீட்டில் கிருதா மெல்ல உதிர்ந்தது. பிள்ளையின் முதுகும் வெளுத்தது. ஆனால் காளியாயியின் காலைப் பார்வை மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் அடுப்படியில் வந்து, இளவரசியின் கன்னத்தில் மிஞ்சியிருந்த நாலு முடியை விரலால் தடவினாள்.

"உன்னப் பேய்னு சொன்ன வாய் அழுகிப் போகோணும், கண்ணு. ஆனா... இந்த முடியோட அவரும் போறாரே. என்னோட சண்டை போட்டுட்டுப் பட்டினியா எஸ்டேட்டுக்குப் போனவரு பொணமாத்தான் வந்தாரு. ஒரு வாய் சாப்பிடுங்கன்னு சொல்லத்தான் தெனமும் உன் மூஞ்சியப் பாத்து நின்னேன். வாய் வரல..."

இந்தப் பொம்பளையா தன்னைத் துரத்தப் பார்த்தாள்? கோபம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனாலும் அவள் சோற்றைத் தட்டில் போட்டு மாமியார் கையில் கொடுத்தாள். எதிரே உட்கார்ந்து, வலக்கன்னம் தெரிய முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இப்பச் சொல்லுங்க அத்தை."

காளியாயி சோற்றைப் பிசைந்து, ஒரு கவளம் எடுத்து அந்தக் கன்னத்தருகே நீட்டினாள்.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க..."

இளவரசி வாயைத் திறந்தாள்.