பின் சீட்டுக்காரர்

அவருடைய பெயர் துரை அல்ல. அலுவலகத்தில் கேலிக்காக வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். குளியலறை ஓடுகள் விற்கும் கம்பெனியின் கிடங்குக்கு மேலாளர். கார் என்றால் செடான்தான், அதுவும் பின் சீட்டில்தான் என்பது அவருடைய கொள்கை. சின்னக் காரில் போகிறவன் போய்ச் சேருகிறான், செடானில் போகிறவர் எழுந்தருளுகிறார் என்பார். ஓட்டுவதற்கு மட்டும் ஒரு ஆள் வேண்டும்.

புதுசு வாங்க வசதியில்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மழை ஓய்ந்த நேரத்தில், மனைவியோடு, அவளுடைய அண்ணனான மச்சான் வீட்டுக்குப் போய் இறங்கினார்.

பழைய வீடு. பக்கத்தில் தகரக் கொட்டகை. மச்சான் உறையை உருவினார். கறுப்புச் செடான் பளபளவென்று நின்றது. உள்ளே எட்டிப் பார்த்த துரைக்கு மூச்சு முட்டியது. அத்தனை வாசனைப் புட்டிகள் தொங்கின. அந்த வாசனைக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று, துவைத்த துணியைக் காயாமல் மடித்து வைத்த வாடை மாதிரி.

"தொழில்ல கொஞ்சம் நெருக்கடி மாப்ளே. இல்லேன்னா இதை விடுவேனா? வெளியாளுக்குக் கொடுக்க மனசே வரல," என்றார் மச்சான்.

மச்சானின் தொழில் கூட்டாளியாக இருந்த பெரியவர் போன மழைக்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டார். அந்த இரங்கல் கூட்டத்தில் துரைதான் எழுந்து நீளமாகப் பேசினார். பெரியவரைப் பற்றிக் கொஞ்சம், தன்னைப் பற்றி மிச்சம். அதை நினைத்துத் துரை உருகினார். சொன்ன விலைக்குத் தலையாட்டினார்.

மனைவி கொட்டகைக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

மிச்சமிருந்த பணத்தில் பெரும்பங்கு ரிப்பேருக்கு, ஏதாவது தேறினால் அலங்காரத்துக்கு என்று அவள் சொன்னாள். துரை அதை அப்படியே கவிழ்த்துப் போட்டார்.

மச்சான் கைகாட்டிவிட்ட மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்தான். "பிரேக்கு, வயரிங்கு, அப்புறம் பின்கதவுப் பூட்டு. இந்த மூணையும் முதல்ல பாத்துடலாம் சார். பின்கதவு உள்ளேருந்து தெறக்காது. சைல்டு லாக்கு துருப்பிடிச்சு மாட்டிக்கிட்டிருக்கு."

"உள்ளேருந்து நான் எதுக்குய்யா தெறக்கணும்? டிரைவர் எறங்கி வந்து தெறப்பான். வெளியில தெரியறதைச் சொல்லு."

வெளியில் தெரிவதற்கா பஞ்சம்? அலாய் சக்கரம், தோல் சீட்டு, கண்ணாடிக்கெல்லாம் கறுப்புப் படலம். கதவுகளுக்குள் சத்தம் தடுக்கும் பஞ்சுத் தகடு வேறு.

"உள்ள உக்காந்து கத்தினாக்கூட வெளிய கேக்காது சார்," என்றான் மெக்கானிக். சொல்லிவிட்டு ஏனோ நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பின் சீட்டுக்குத் தோல் தைத்தபோது அவன் ஒரு தரம்கூட உள்ளே ஏறி உட்காரவில்லை. முழு வேலையையும் வெளியே நின்று, கையை மட்டும் நீட்டிச் செய்தான். துரை அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் சவாரி. துரை பின்னால் வலப்பக்கம் சாய்ந்து, காலை நீட்டினார். மனைவி முன் கதவைத் திறந்து டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

"முதலாளியம்மா மாதிரி பின்னாடி வந்து உக்காரேன்."

"எனக்கு இதுதான் வசதி."

தன் கௌரவத்தைக் குலைக்கவென்றே இவளைப் பெற்றிருக்கிறார்கள் என்று துரை பல்லைக் கடித்தார். அப்போதுதான் இடது கை சீட்டில் பட்டது. ஈரம். புத்தம்புது தோல், உட்கார்ந்து எழுந்தாற்போல் குழிந்து, நனைந்திருந்தது.

"யாருய்யா இங்க தண்ணி ஊத்தினது?"

டிரைவர் பின்னால் பார்க்கிற கண்ணாடியை மெல்ல மேலே திருப்பிவிட்டுக்கொண்டான்.

அந்த வாரம் முழுக்க ஈரம் காயவில்லை. இடதுபக்கக் கண்ணாடியில் மட்டும் உள்ளிருந்து ஆவி படியும், படர்ந்து சுருங்கும், மறுபடி படரும். ஒரு ஆள் மூச்சு விடுகிற நிதானத்தில். ஏசியின் கோளாறு என்றார் துரை. கிடங்கில் எல்லோரும் எழுந்து நின்று வண்டியைப் பார்க்கிறார்களே, அதற்கு முன் இது எம்மாத்திரம்?

ஒரு மழை நாள் பிற்பகல். கடைவளாகத்தின் அடித்தளத்தில் வண்டியை நிறுத்தினார்கள். மனைவி, வாங்கிய துணியை மாற்றிக்கொள்ளக் கடைக்குப் போனாள். டிரைவர் டீக்குப் போனான். துரை ஏசியில் கண்ணயர்ந்தார்.

விழித்தபோது இன்ஜின் அணைந்திருந்தது.

சேற்று வாடை. வாசனைப் புட்டிகளை எல்லாம் அமுக்கிக்கொண்டு எழுந்த வாடை. காலுறை சில்லென்றது. குனிந்து தொட்டார். கை மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் போயிற்று.

கதவைத் தள்ளினார். திறக்கவில்லை.

இடதுபக்கச் சீட்டு முனகியது. பாரம் தாங்காத சீட்டின் முனகல்.

திரும்பிப் பார்க்கக் கழுத்து மறுத்தது.

"கதவு..." காதருகே, தொண்டையில் தண்ணீர் களகளக்கும் குரல். "வெளிய எறங்கிட்டல்ல? வந்து கதவைத் தெற."

துரை கண்ணாடியை அறைந்தார். கத்தினார். ஒரு குடும்பம் கூடையோடு அந்தப் பக்கமாகவே நடந்துபோனது. காசு கொடுத்து ஒட்டிய கறுப்புப் படலம் அவரை மறைத்தது. காசு கொடுத்து வைத்த பஞ்சு அவர் குரலை விழுங்கியது. ஒரு குழந்தை வண்டியின் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துப் பழிப்புக் காட்டிவிட்டு ஓடியது.

தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது.

முன் சீட்டுக்குத் தாவலாம் என்று எழுந்தார்.

தோளில் ஒரு கை விழுந்தது. கெட்டியாக, குளிராக.

"நீயும் போயிடாதே."

அப்போது கதவு திறந்தது. மனைவி. வெளியே சரிந்து விழுந்தவரை அவள் தூக்கவில்லை. என்ன ஆச்சு என்று கேட்கவுமில்லை. சீட்டின் இடது மூலையைப் பார்த்துக் கைகூப்பி நின்றாள்.

"மாமா, இவருக்கு ஒண்ணும் தெரியாது. இவரை விட்டுடுங்க."

உள்ளே தண்ணீர் இல்லை. துரையின் காற்சட்டையிலும் ஈரம் இல்லை. தோளில் மட்டும் ஐந்து விரலுக்கும் சேறு.

துரை வண்டியை விட்டு நகர்ந்து, தூணைப் பிடித்து எழுந்து நின்றார். நின்ற பிறகுதான் அவள் சொன்னது மண்டையில் ஏறியது.

"உனக்குத் தெரியுமா?"

அவள் தரையைப் பார்த்தாள். "அண்ணனோட கூட்டாளி மாமாவுக்கு மாரடைப்பு இல்லீங்க. சுரங்கப்பாதைல வெள்ளம். அண்ணன் முன்கண்ணாடி வழியா ஏறித் தப்பிச்சுட்டாரு. பின்கதவு வெளியேருந்துதான் தெறக்கும். தெறக்க... திரும்பிப் போகல."

"அந்த வண்டியையா என் தலையில கட்டினீங்க?"

"அண்ணன் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும்னு அழுதாரு. உங்களுக்கும் கார் ஆசை. கழுவி, காயவச்சா எல்லாம் சரியாயிடும்னு..."

"தினமும் நான்தானே பின்னாடி உக்காந்தேன்?"

அவள் துணிப்பையை மற்றக் கைக்கு மாற்றினாள். அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தாலாவது தேவலை என்று துரைக்குத் தோன்றியது.

மச்சான் இன்னும் சுருக்கமாக முடித்தார். "வெளியாளுக்கு வித்தா பாவம் மாப்ளே. அதான் வீட்டு ஆளுக்குக் கொடுத்தேன்." பணத்தைப் பற்றிக் கேட்டபோது வாசற்கதவைச் சாத்திக்கொண்டார். வண்டியைச் சேற்றோடு முதலில் கழுவியதே தான்தான் என்று மெக்கானிக் ஒப்புக்கொண்டான்; உங்க வீட்டம்மாவே சொல்லலையே சார், நான் எப்படிச் சொல்றது என்று நியாயமும் கேட்டான். டிரைவர் சம்பளம்கூட வாங்காமல் நின்றுவிட்டான்.

துரை படலத்தைக் கிழித்தார். பஞ்சைப் பிடுங்கினார். பின்கதவுப் பூட்டை உடைத்து எறிந்து, இரண்டு கதவையும் அகலத் திறந்துபோட்டு, வண்டியை முற்றத்தில் வெயிலில் நிறுத்தினார். போகிறவர் போகட்டும். சீட்டு காய்ந்தது. வாடை போயிற்று. வாங்க ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தாலும், எந்த முகத்தோடு இன்னொருவர் கையில் சாவியைக் கொடுப்பது?

மனைவி வைத்த தட்டு மேசையிலேயே ஆறிக் கிடந்தது. வீட்டுக்குள் இருவரும் வாடகைக்கு வந்தவர்கள் மாதிரி ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள்.

திங்கட்கிழமை காலை துரை தானே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். திரும்பிப் பார்க்க அவருக்கு மனம் இல்லாவிட்டாலும் பின் சீட்டு காலியாகத்தான் இருந்தது. கண்ணாடியில் இரண்டு முறை பார்த்துக்கொண்டார்.

கிடங்கு வாசலில் புதுக் காவலாளி. வண்டியைக் கண்டதும் விறைப்பாக ஒரு சலாம். துரையின் நெஞ்சு பழைய பழக்கத்தில் லேசாக நிமிர்ந்தது.

சலாம் அவருக்கு இல்லை. காவலாளி அவரைத் தாண்டிப் போய், பின் சன்னலில் குனிந்து, பணிவாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு முன்னால் வந்தான்.

"டிரைவர் அண்ணே, வண்டியை உள்ள விட வேணாமாம். ஐயா கூட்டாளி வீட்டுக்குப் போகணுங்கறாரு. வழி உங்களுக்குத் தெரியுமாமே?"

கண்ணாடியில் பின் சீட்டு காலியாகத்தான் இருந்தது.

துரை ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தார். பிறகு, யாரிடமும் எதுவும் கேட்காமல், ரிவர்ஸ் கியரைப் போட்டார்.

பின்னால் 'டக்'கென்று ஒரு சத்தம். யாரோ சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்கள்.